திறந்த நிரலும் மீண்டெழுந்த ஆட்டமும்: தொண்ணூறுகளின் சுடும் விளையாட்டுகள், ஐ.ஜி.ஐ., வேலூர்த் தோல் வட்டாரம்

ஆடுபவரின் கண்வழியே களத்தைக் காட்டி, கையில் ஆயுதம் கொடுத்து ஓடவிடும் கணினி விளையாட்டு வகை 1992க்கும் 1998க்கும் இடையில் தன் இலக்கணத்தைப் பெற்றது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ 1992 மே மாதத்திலும், ‘டூம்’ 1993 டிசம்பர் 10 அன்றும், ‘குவேக்’ 1996 ஜூனிலும் வெளிவந்தன. விரைந்த ஓட்டம், ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய பல ஆயுதங்கள், வண்ணச் சாவிகளால் பூட்டிய கதவுகள், சுவருக்குப் பின்னே மறைந்த அறைகள், விலகித் தப்பும் அளவுக்கு மெதுவாக வரும் தீக்கோளங்கள் ஆகியவை அன்றைய அடையாளங்கள். பின்னர் வந்தவை இவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ‘ஹேலோ’ (2001) சுமக்கும் ஆயுதங்களை இரண்டாகக் குறைத்தது. ‘கால் ஆஃப் டியூட்டி 2’ (2005) மறைந்து நின்றால் தானே ஆறும் உடலைத் தந்தது. காட்சியின் நுணுக்கம் கூடக்கூட ஓர் அறையைக் கட்டும் செலவும் கூடியது. யாரும் நுழையாமல் போகக்கூடிய பக்கவழிகளுக்குப் பணம் செலவிடத் தயாரிப்பாளர்கள் தயங்கியதால், களங்கள் நீண்ட தாழ்வாரங்களாகச் சுருங்கின.

2018 டிசம்பர் 10 அன்று, டூம் வெளியாகி 25 ஆண்டுகள் நிறைந்த நாளில், அந்தப் பழைய பாணியில் டேவிட் சிமான்ஸ்கி உருவாக்கிய ‘டஸ்க்’ வெளிவந்தது. ‘அயன் ஃப்யூரி’ (2019), ‘அமிட் ஈவில்’ (2019), ‘அல்ட்ராகில்’ (2020 முதல் முன்வெளியீடாக), ‘ப்ரோடியஸ்’ (2022), ‘ரோட்’ (2023), ‘செலாகோ’ (2024, முன்வெளியீடு) என அந்த வரிசை நீண்டது. ஆட்டக்காரர்கள் இவற்றை ‘பூமர் ஷூட்டர்’ என்கிறார்கள்.

இந்த மீட்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பழைய நினைவின் மேல் உள்ள ஏக்கம். அது போதாது. இளமையில் ஒருவர் விரும்பி ஆடிய ஒவ்வொரு விளையாட்டும் இப்படித் திரும்பி வரவில்லை. எவற்றின் நிரலும் கருவிகளும் ஆடியவர்களின் கைக்கு வந்தனவோ அவையே ஒரு மரபாகத் தழைத்தன. தமிழ்நாட்டின் அனுபவம், குறிப்பாகக் கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் என விரியும் தோல் பதனிடும் வட்டாரத்தின் அனுபவம், இந்த வாதத்தைச் சோதிக்க ஏற்றது. இங்கே பெரும்பாலோருக்கு டூம் இளமை நினைவு அல்ல. வீட்டுக் கணினி பரவலாகாத தொண்ணூறுகளில் இவ்வகை விளையாட்டுகள் இந்த ஊர்களைப் பெரும்பாலும் எட்டவில்லை. அவை 2000களின் பிரவுசிங் சென்டர்கள் வழியாகவே வந்தன. அங்கே மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடப்பட்டவை ‘புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’யும் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கும்தான்.

டூமின் வரலாற்றில் மிகப் பெரிய பின்விளைவு கொண்ட முடிவு அதன் கோப்பு அமைப்பில் இருக்கிறது. ஐடி சாஃப்ட்வேரின் நிரலாளர் ஜான் கார்மாக் ஆட்டத்தை இயக்கும் நிரலை ஒருபுறமும், களம், படம், ஒலி ஆகியவற்றை ‘வாட்’ என்ற தனிக் கோப்பிலும் வைத்தார். நிரலைத் தொடாமலே களத்தை மாற்ற அது வழிவிட்டது. வெளியான சில மாதங்களிலேயே ஆட்டக்காரர்கள் சொந்தக் களங்களை வரைந்து பரிமாறத் தொடங்கினர். 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல் வெளியிடப்பட்டது. குவேக்கின் மூலநிரல் 1999 டிசம்பரில் ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தின்கீழ் வந்தது, ‘டியூக் நியூகெம்’ விளையாட்டை இயக்கிய கென் சில்வர்மேனின் ‘பில்ட்’ என்ஜினும் 2000இல் திறக்கப்பட்டது. டூம் நிரலிலிருந்து மரிசா ஹைட் 1998இல் ‘இசட்டூம்’ உருவாக்கினார். அதன் கிளையாக 2005இல் ‘ஜிஇசட்டூம்’ பிறந்தது. செலாகோ இந்த ஜிஇசட்டூமில்தான் இயங்குகிறது. அயன் ஃப்யூரி பில்ட் என்ஜினின் வழித்தோன்றலில் கட்டப்பட்டது. அதைச் செய்த வாய்ட்பாயின்ட் குழுவினர் பலரும் முன்பு டியூக் நியூகெமுக்குக் களம் வரைந்தவர்கள். ‘ராத்’ (2024) குவேக்கின் வழிவந்த ‘டார்க்பிளேசஸ்’ நிரலில் ஓடுகிறது. அறுபடாமல் தொடர்ந்த இந்தத் தொழிலைப் பழமைக்குத் திரும்புதல் என்று வகைப்படுத்துவது தவறான வாசிப்பு. பெரிய நிறுவனங்கள் விட்டுச் சென்ற இருபது ஆண்டுகளிலும் டூமுக்குக் களம் வரைவோர் ஓயவில்லை. டூமின் முதல் பகுதியில் பெரும்பாலான களங்களை வடிவமைத்த ஜான் ரொமேரோவே 2019இல் ‘சிஜில்’ என்ற புதிய களத்தொகுப்பை அதே பழைய விளையாட்டுக்காக வெளியிட்டார்.

நிரல் கைமாறும்போது அதன் குணங்களும் சேர்ந்தே வருகின்றன. குவேக்கில் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் ஆடுபவர் அழுத்தும் திசையில் அமையும் வேகக்கூற்றை மட்டுமே நிரல் அந்த எல்லையோடு ஒப்பிடுகிறது. மொத்த வேகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே காற்றில் இருக்கும்போது பக்கவாட்டு விசையை அழுத்தியபடி மவுஸையும் அதே பக்கம் மெல்லத் திருப்பினால் வேகம் கூடிக்கொண்டே போகும். வடிவமைத்தவர் எண்ணாத இந்தப் பிழையை ஆட்டக்காரர்கள் கலையாக்கினர். டஸ்க் அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறது. வால்வ் நிறுவனம் குவேக் என்ஜினை உரிமம் பெற்றுத் திருத்தி ‘ஹாஃப்-லைஃப்’ (1998) செய்தது. அதன் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் ஆகிய இரு ஆர்வலர்கள் 1999இல் கட்டிய மோட், அதாவது திருத்திய வடிவம்தான் கவுன்டர்-ஸ்ட்ரைக். ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ லேன் இணைப்பில் தாவித்தாவி ஓடப் பழகிய பள்ளி மாணவரின் விரல்கள், குவேக் என்ற பெயரையே கேட்டிராமல், அதன் நிரலைத்தான் பழகிக்கொண்டிருந்தன. இந்த வட்டாரத்துக்கும் தொண்ணூறுகளுக்கும் உள்ள உண்மையான தொடர்பு இது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. டஸ்க்கும் அல்ட்ராகில்லும் யூனிட்டி என்ஜினில் செய்யப்பட்டவை. அமிட் ஈவில் அன்ரியல் என்ஜினில் செய்யப்பட்டது. பழைய நிரலின் ஒரு வரிகூட அவற்றுக்குத் தேவைப்படவில்லை. அப்படியானால் மூலநிரல் திறந்ததால் என்ன பயன்? நிரலோடு சேர்ந்து வடிவமைப்பு அறிவும் பொதுச்சொத்தானது என்பதே விடை. எதிரியின் கணை எவ்வளவு வேகத்தில் வந்தால் விலக முடியும், தரையின் உயரம் எங்கே மாறினால் கண் வழி காணும், கதவு திறக்கும் முன்பே அதன் அப்புறத்தைச் சன்னல் வழியாகக் காட்டுவது எதற்கு என்பவற்றை ஆயிரக்கணக்கான களவரைவாளர்கள் செய்தும் விவாதித்தும் ஊரறிந்த பாடமாக்கிவிட்டனர். யூனிட்டியில் தொடங்குபவரும் அந்தப் பாடத்திலிருந்தே தொடங்குகிறார். பருத்த புள்ளிகளும் மங்கிய சுவர்ப்படங்களும் எளிதில் நகலெடுக்கக் கூடியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்ட படைப்புகள் சில நிமிடங்களிலேயே சலிப்பதற்குக் காரணம் இந்தப் பாடம் அவற்றில் இல்லாமையே.

ஐ.ஜி.ஐ. இதற்கு நேர் எதிரான சான்று. நார்வேயின் ஆஸ்லோ நகரிலிருந்த இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்து, ஐடோஸ் நிறுவனம் 2000இல் வெளியிட்ட விளையாட்டு அது. ‘ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்’ என்ற விமான விளையாட்டுக்காக அதே ஸ்டூடியோ உருவாக்கிய என்ஜினில் அது ஓடியது. விமானத்துக்கான நிலப்பரப்பு என்பதால் களங்கள் பரந்து கிடந்தன. மலைச்சரிவில் படுத்து, தூரத்து முகாமைத் தொலைநோக்கியில் அளந்து, எந்தப் பக்கம் நுழைவது என்று ஆடுபவரே முடிவு செய்யலாம். பணியின் நடுவே சேமிக்கும் வசதி இல்லை. கடைசி நொடியில் இறந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேற்கத்திய விமர்சகர்கள் குறையாகக் கண்ட இந்த விதி, பிரவுசிங் சென்டரில் பின்னால் நின்று வழி சொல்லும் நண்பர் கூட்டத்தை உருவாக்கியது. பலர் ஆடக்கூடிய முறை அதில் இல்லை. ஆனாலும் அது கூட்டாக ஆடப்பட்டது. எளிய கணினியில் ஓடியதும் அது பரவ ஒரு காரணம்.

இவ்வளவு நேசிக்கப்பட்ட விளையாட்டுக்கு ஏன் ஒரு டஸ்க் பிறக்கவில்லை? ஐ.ஜி.ஐ.யோடு களம் வரையும் கருவி தரப்படவில்லை. மூலநிரல் திறந்த உரிமத்தில் வெளியாகவில்லை. ஆர்வலர்கள் சிலர் கோப்புகளைத் தாமே பிரித்தறிந்து திருத்திப் பார்த்தனர். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது, ஆனால் பாடமாகத் திரளும் அளவுக்குப் பெருகவில்லை. 2003இல் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆண்டில் இன்னர்லூப் மூடப்பட்டது. 2019இல் ஸ்வீடனின் டோட்மேன் நிறுவனம் ‘ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ்’ என்ற முன்கதையை அறிவித்தபோது இந்திய ஆட்டக்காரர்கள் கொண்டாடினர். அதை உருவாக்கிவந்த ஆன்டிமேட்டர் கேம்ஸ் 2023இல் மூடப்பட்டது, விளையாட்டு வெளிவரவில்லை. ஒரே நிறுவனத்தின் கணக்கேட்டில் உயிர் வைத்த மரபு அந்த ஏடு மூடப்பட்டதும் நின்றது. டூமின் உரிமை எத்தனை முறை கைமாறினாலும் அதன் களவரைவு நிற்கவில்லை என்பதோடு இதை ஒப்பிட்டால், ஏக்கத்தைவிடக் கருவியே தீர்மானிக்கிறது என்பது தெளிவாகும்.

செக் நாட்டின் ‘ரோட்’ விளையாட்டு இன்னொரு கோணத்தில் முக்கியமானது. ஒரே மனிதர், பாஸ்கல் மொழியில் தானே எழுதிய என்ஜினில், 1986ஆம் ஆண்டுச் செக்கோஸ்லோவாக்கியாவைக் களமாக்கினார். பிராகின் மெட்ரோ நிலையமும் அரசுக் கட்டடங்களும் பழுப்பு நிறச் சுவர்களாக அதில் நிற்கின்றன. குறைந்த பலகோணங்களும் சில வண்ணங்களும் மட்டுமே தேவைப்படும் இந்த வடிவம், செலவின்றித் தன் ஊரைக் கட்ட ஒருவருக்கு இடம் தருகிறது. வேலூர்க் கோட்டையின் அகழியும் மதிலும், ஆற்காட்டில் எஞ்சி நிற்கும் டெல்லி கேட்டும் இத்தகைய களங்களுக்கு இயல்பாகப் பொருந்துபவை. டேனரிகளின் சுண்ணாம்புக் குழிகளும், சுழலும் பெரிய மர டிரம்களும், தோல் காயும் நீண்ட கூடங்களும் அப்படியே. ஆனால் இங்கே ஒரு பொறுப்பு சேர்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். டூமில் நச்சுக்குழி என்பது கால் வைத்தால் சில புள்ளிகள் குறையும் பச்சைத் தரை. பாலாற்றங்கரையில் அதை அவ்வாறு வரைவது பொய்யாகும்.

இத்தகைய களங்களைச் செய்வதற்கான தடை இன்று கணினியின் விலையில் இல்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் புதிய பெரிய விளையாட்டுகளுக்குப் போதாதவை. களவரைவுக் கருவிகளுக்கும் எளிய களங்களுக்கும் அவை போதும். ஜிஇசட்டூம் இலவசம். அதற்குத் தேவையான படங்களையும் ஒலிகளையும் ‘ஃப்ரீடூம்’ தொகுப்பு இலவசமாகத் தருகிறது. குவேக் களங்களுக்கு ‘ட்ரெஞ்ச்புரூம்’ உண்டு. ஜி.பி.எல். உரிமம் விற்பனையையும் தடுப்பதில்லை. செலாகோ காசுக்கு விற்கப்படுகிறது. இக்கருவிகளின் கையேடுகளும் பயிற்சிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதே கலவை போன்ற பேரூராட்சியில் தமிழ்வழி படிக்கும் மாணவருக்கு முன்னால் நிற்கும் தடை. தளத்தின் உயரம், ஒளியின் அளவு, கதவின் விசை என்று களவரைவில் வரும் கருத்துகள் யாவும் பள்ளி வடிவியலுக்கு உட்பட்டவை. அவற்றைத் தமிழில் எழுதித்தர நிரலாளர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் போதும்.