நில உரிமை ஆய்வு (தமிழ்நாடு)

நில உரிமை ஆய்வு என்பது நிலமோ கட்டடமோ கைமாறும் முன்னர், விற்பவருக்கு அதனை விற்கும் முழு உரிமை உள்ளதா எனப் பழைய ஆவணங்களைக் கொண்டு சோதித்தறியும் பணியாகும். இந்தியாவில் பத்திரப்பதிவு ஆவணத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, உரிமைக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆகவே உரிமையில் குறை இருப்பின் இழப்பு பெரும்பாலும் வாங்கியவரையே சாரும்.

சட்டப் பின்னணி

சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 54-ஆம் பிரிவின்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே விற்க இயலும். எனினும், தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்கு வழங்க இயலாது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அதிகாரியின் பணியன்று என்பதை 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55அ(1) குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆராயப்படும் ஆவணங்கள்

* மூலப்பத்திரங்கள்: முதல் உரிமையாளர் தொடங்கி இன்றைய விற்பனையாளர் வரை உரிமை அறுபடாமல் வந்துள்ளதைக் காட்டுவன.
* வில்லங்கச் சான்றிதழ்: பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுகளின் பங்கு ஆகியவை இதில் தோன்றா.
* பட்டா, சிட்டா, அ-பதிவேடு: வருவாய்த்துறைப் பதிவுகள். பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது.
* புலப்படம்: நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டுவது.

குறைந்தது 30 ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பார்ப்பது வழக்கம். காலவரையறைச் சட்டம், 1963-இன்படி அடமானத்தை மீட்கவும், அரசு வழக்குத் தொடரவும் 30 ஆண்டுகள் வரை காலம் உண்டு என்பது இதற்கு ஒரு காரணம்.

பொதுவான குறைகள்

* மகள்கள் உள்ளிட்ட வாரிசுகள் சிலர் கையொப்பமிடாமை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், பின்னர் 2005-ஆம் ஆண்டு மையச் சட்டமும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு அளித்தன.
* இளவரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிப் பாதுகாவலர் விற்றல்.
* பொது அதிகார ஆவணத்தை மட்டும் கொண்டு வாங்குதல். இது உரிமையை மாற்றாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது.
* யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரோ பரப்போ தவறாகப் பதிவாகியிருத்தல்.
* கோயில் நிலம், பஞ்சமி நிலம், புறம்போக்கு ஆகியவை தனியார் நிலமாக விற்கப்படுதல்.

போடிநாயக்கனூர் வட்டாரம்

போடிநாயக்கனூர் முன்னர் ஜமீனாக இருந்தது. ஆதலின் இவ்வட்டாரத்தில் ஜமீன் காலத்து ஆவணத்தோடு நில்லாமல், 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் ரயத்துவாரிப் பட்டா யாருக்கு வழங்கப்பட்டது என்பதையும் காண வேண்டும். தேனி மாவட்டம் 1996-இல் உருவானதால், அதற்கு முந்தைய பத்திரங்கள் மதுரை மாவட்டத்தைக் குறிக்கும். பொட்டிபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் பட்டா நிலங்களை அடுத்துப் புறம்போக்கும் காடும் இருப்பதால் புலப்படத்தின்படி நிலத்தை அளந்து பார்ப்பது இன்றியமையாதது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949-இன் கீழ் வரும் மலைநிலத்தை விற்க முன் அனுமதி தேவை.

போடியைச் சேர்ந்தோர் பலரின் ஏலத்தோட்டங்கள் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. அவற்றின் ஆவணங்களைக் கேரள அலுவலகங்களிலேயே சரிபார்க்க வேண்டும். 1972-க்கு முந்தைய பத்திரங்களில் கோட்டயம் மாவட்டம் எனக் காணப்படும். அங்கு முழு உரிமைப் பட்டய நிலமும், ஏலம் பயிரிட மட்டும் அரசு அளித்த குத்தகை நிலமும் உண்டு. குத்தகை நிலத்தைச் சொந்த நிலமாக விற்க இயலாது. ஏலமலைக் காப்புநிலம் குறித்த 1897-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிப்பின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது வழக்கிற்குரியதாயிற்று. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்நிலங்களில் புதிய பட்டயங்கள் வழங்க இடைக்காலத் தடை விதித்தது.

குறைகளைக் களைதல்

எழுத்துப் பிழைகளைப் பிழைதிருத்தல் பத்திரத்தாலும், விடுபட்ட வாரிசின் பங்கை விடுதலைப் பத்திரத்தாலும், தீர்ந்த அடமானத்தை ரசீதுப் பத்திரத்தாலும் சரிசெய்யலாம். பட்டாப் பிழைக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமையே தகராறுக்கு உள்ளானால் உரிமையியல் நீதிமன்றமே தீர்க்க இயலும். அரசு நிலம் தனியார் நிலமாக விற்கப்பட்டிருந்தால் எந்தத் திருத்தப் பத்திரமும் அதனைச் சரிசெய்யாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னரே இவ்வாய்வு செய்யப்பட வேண்டும்.