தந்திமரங்களின் மறுபிறவி

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பகுக்கிறது. புறத்தே வயிரம் கொண்டவை புல். அகத்தே வயிரம் கொண்டவை மரம். வயிரத்திற்கு அந்நூல் ஆளும் சொல் 'காழ்'. இந்தப் பகுப்பின்படி பனையும் மூங்கிலும் புல்லாகும். தேக்கும் வேங்கையும் மரமாகும். வட அமெரிக்க மின்கம்பங்களைப் பற்றிய கட்டுரைக்கு இது பொருந்தாத தொடக்கமாகத் தோன்றலாம். ஆயினும் காழ் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே அக்கம்பங்களின் வரலாறு முழுவதையும் நடத்திச் செல்கிறது என்பது நம் கருத்து.

மின்கம்பம் என்றதும் நம் நினைவில் எழுவது சிமெண்டுக் கம்பமோ இரும்புக் கம்பமோதான். 'தந்திமரம்' என்ற பழைய வழக்கு மட்டுமே அது ஒருகாலத்தில் மரமாக இருந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இன்றும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள் நிற்கின்றன. அவற்றுள் பணி முடிந்து பிடுங்கப்பட்டவற்றைச் சிலர் வாங்கி, அறுவை ஆலையில் பலகையாகவும் சட்டமாகவும் அறுத்து, புதுக் கட்டடங்களுக்குப் பயன்படுத்துகின்றனர். கேட்பதற்கு எளிய சிக்கனமாகத் தோன்றும் இத்தொழிலுக்குள் அழிந்த காடுகளின் கதையும் வேதியியலின் கதையும் பின்னிக் கிடக்கின்றன.

கம்பங்களின் தோற்றமே ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1843இல் அமெரிக்கக் காங்கிரசு 30,000 டாலர் ஒதுக்க, சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அமைக்கத் தொடங்கினார். கம்பியை ஈயக் குழாய்க்குள் வைத்து மண்ணில் புதைப்பதே முதல் திட்டம். மின்காப்பு பழுதுபட்டு அது பயனற்றுப் போயிற்று. பணத்தின் பெரும்பகுதி கரைந்த நிலையில், செஸ்ட்நட் மரங்களைக் கம்பங்களாக நட்டு அவற்றின்மீது கம்பியைக் கொண்டுசென்றனர். 1844 மே 24 அன்று செய்தி சென்றது. தரைக்கடியில் ஒளியவேண்டிய கம்பி வானத்தில் ஓடியது இப்படித்தான்.

செஸ்ட்நட்டைத் தேர்ந்தது தற்செயலன்று. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் அது மிகுதியாக வளர்ந்தது, நேராக உயர்ந்தது, மரத்தில் ஊறிய துவர்ப்பொருள் எளிதில் உளுக்கவிடாது. காழ் நிறைந்த மரம். ஆனால் 1904இல் நியூயார்க் நகர விலங்குக் காட்சிசாலையிலிருந்த செஸ்ட்நட் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த நாற்றுகளோடு வந்த நோய் அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் மடிந்தன என்பது பொதுவான மதிப்பீடு. பட்டுப்போன மரங்களும் உளுக்காமல் நெடுநாள் நின்றதால், இறந்த காட்டிலிருந்தும் கம்பங்கள் வெட்டப்பட்டன. இன்றும் பழைய வேர்களிலிருந்து தளிர் எழுகிறது; நோய் மீண்டும் தாக்க மடிகிறது.

கம்பத்தேவை மேற்கே நகர்ந்தது. பசிபிக் கரையோரத்துச் செஞ்செடார் அடுத்த பெருமரமாயிற்று. செடார் என்று பெயரிருந்தாலும் தாவரவியலின்படி அது உண்மைச் செடாரன்று. தூயா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் காழில் பூஞ்சையை எதிர்க்கும் இயற்கைப் பொருள்கள் உள்ளன. அக்கரையோரத்துத் தொல்குடிகள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நிற்கும் மரத்தைச் சாகவிடாமலே பக்கவாட்டில் ஆப்படித்துப் பலகை பிளந்தெடுக்கும் திறன் அவர்களுக்கு இருந்தது. அப்பலகைகளால் நீண்ட கூட்டு வீடுகளைக் கட்டினர். ஆக, கம்பமாவதற்கு நெடுங்காலம் முன்பே செடார் வீடாக இருந்திருக்கிறது.

செடாரும் எங்கும் கிடைப்பதன்று. தென்மாநிலங்களில் விரைந்து வளரும் பைன் மலிவானது; ஆனால் அதில் காழ் குறைவு, வெளிறு மிகுதி. வெளிறு என்று நாம் சொல்வது காழைச் சூழ்ந்திருக்கும் வெண்ணிற மென்பகுதியை. பூஞ்சையும் கறையானும் முதலில் புகுவது அங்கேதான். இங்கே வேதியியல் நுழைகிறது. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டை அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு 1838இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்றார். பின்னர் பென்ட்டாகுளோரோஃபீனால் வந்தது. மூன்றாவது மருந்து நமக்கு நெருக்கமானது. 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசன் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கரைசலைக் கண்டறிந்தார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைக்கும். இமயத்தின் அடிவாரத்தில் பிறந்த இக்கலவை உலகெங்கும் பரவி, அமெரிக்கக் கம்பங்களுக்குப் பச்சை நிறம் ஏற்றியது.

இம்மருந்துகள் செய்தது என்ன? காழுக்குள் அவை எளிதில் ஊடுருவுவதில்லை, வெளிற்றில்தான் ஊறும். எனவே மென்மையான புறப்பகுதி நஞ்சேறி உறுதிபெற்றது. தொல்காப்பியத்தின் மொழியில் சொன்னால், அகக்காழ் உடைய மரத்திற்கு மனிதன் ஒரு புறக்காழை அணிவித்தான்.

கம்பம் ஏன் ஓய்வுபெறுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கம்பத்தின் நீளத்தில் பத்திலொரு பங்கோடு இரண்டு அடி சேர்த்துப் புதைப்பது அங்குள்ள பொதுவிதி; 40 அடிக் கம்பம் 6 அடி மண்ணுக்குள் இருக்கும். ஆழத்தில் காற்றில்லை, உயரத்தில் ஈரம் தங்குவதில்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டத்தை ஒட்டியே பெரும்பாலும் உளுப்பு தொடங்குகிறது. சாலை விரிவாக்கத்திற்காகவும் கூடுதல் உயரம் வேண்டியும் பிடுங்கப்படுபவையும் உண்டு. ஆக, ஓரிரு அடி கெட்டதற்காகவோ ஒன்றுமே கெடாமலோ முப்பது அடி நல்ல மரம் கழிவாகிறது. அதில் முதுகாட்டு மரங்களின் நெருக்கமான ஆண்டு வளையங்களைக் காணலாம். இன்றைய தோட்டக்காட்டு மரத்தில் அந்த நெருக்கம் அரிது.

ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு முத்திரை சுடப்பட்டோ உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டோ இருக்கும். செய்த ஆலை, ஆண்டு, மரத்தின் இனம், ஊட்டிய மருந்து, வலிமை வகுப்பு, நீளம் ஆகிய அனைத்தும் சுருக்கெழுத்தில் அடங்கும். ஐம்பது அடி வரையிலான கம்பங்களில் அடியிலிருந்து 10 அடி உயரத்தில் இதைப் பொறிப்பது வழக்கம். 40 அடிக் கம்பம் நட்ட பிறகு அது தரையிலிருந்து 4 அடியில், வழிப்போக்கன் நின்று படிக்கும் உயரத்தில் அமையும். கம்பம் தன் வாழ்க்கைக் குறிப்பைத் தன் உடம்பிலேயே சுமந்து நிற்கிறது.

அறுவை ஆலைக்கு வந்ததும் அங்குள்ளோர் முதலில் படிக்கவேண்டியது இந்த முத்திரையைத்தான். தெற்கத்திப் பைன் என்றால் மருந்து ஆழமாக ஊறியிருக்கும்; அறுத்தெடுக்கத் தூய மரம் அதிகம் தேறாது. செஞ்செடார் என்றால் வெளிறு பெரும்பாலும் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. அடிப்பகுதி மட்டும் மருந்தில் நனைத்த பழைய கம்பமானால் மேற்பகுதி முழுவதும் தூய்மையானது. ஆணிகளையும் போல்ட்டுகளையும் உலோகங்காட்டியால் தேடி அகற்றுவர். தவறிய ஓர் ஆணி ரம்பத்தின் பல்லைப் பெயர்த்துவிடும். பின் தரைமட்டப் பகுதியைக் கழித்து, நான்கு பக்கமும் புறத்தைச் சீவி எறிந்து, அகத்தைப் பலகையாக அறுப்பர். தோலை நீக்கியதும் செந்நிறக் காழ் வெளிப்படுகிறது. புறக்காழ் கழிந்து அகக்காழ் மீள்கிறது.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. சீவி எறிந்த புறத்தில் நஞ்சு மட்டுமா போயிற்று? முத்திரையும் போயிற்று. கம்பத்தின் பெயரும் அதன் நஞ்சும் ஒரே தோலில் இருந்தன. பலகையான பின் அது எந்த மருந்தில் ஊறிய கம்பத்திலிருந்து வந்தது, புறம் போதிய அளவு சீவப்பட்டதா என்று வீட்டில் குடியேறுபவர் அறிய வழியில்லை. இந்த ஐயம் வீண் அச்சமன்று. காமேசனின் கலவையிலுள்ள ஆர்செனிக் காரணமாக 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் குடியிருப்புப் பயன்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கைவிடப்பட்டது. பென்ட்டாகுளோரோஃபீனாலை 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நிலைத்த நச்சுப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2022இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. சீவிய புறங்களைத் திறந்தவெளியில் எரிக்கவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு வெளிவரும். மருந்தூட்டிய மரத்தை ஏற்கும் குப்பைக்கிடங்குக்கோ, அதற்கென உரிமம் பெற்ற கொதிகலனுக்கோ அனுப்பவேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்க எண்ணுபவர் கையில் இத்தொழில் தீங்காக முடியும்.

தீர்வு நம் மரபுக்குப் புதிதன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முற்பட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழையதைப் பிரிப்பவன் அதன் எழுத்துக்கும் பொறுப்பாளி என்ற அறம் அதில் இருக்கிறது. கம்பத்தை அறுப்பவரும் முத்திரையைப் படியெடுத்துப் பலகையோடு வாங்குபவரிடம் தரவேண்டும். ஆலை, ஆண்டு, இனம், மருந்து என்னும் நான்கு சொற்கள் போதும். அவை இல்லாதபோது பழைய மரம் பெயரற்ற சரக்கு. அவை இருந்தால், எந்தக் காட்டில் வளர்ந்து எந்த நஞ்சைச் சுமந்து நின்றது தன் கூரைக்கு வந்திருக்கிறது என்பதை வீட்டுக்காரர் அறிந்தே அதன்கீழ் உறங்கலாம்.