மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்பது, மின்கம்பி வேலையை (வயரிங்) அனுபவத்தால் கற்றவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தேர்வாகும். விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராகவும், வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை.

சட்டப் பின்னணி

இந்திய மின்சார விதிகள், 1956-இன் 45-ஆம் விதி, நுகர்வோர் இடத்தில் மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் நேரடி மேற்பார்வையில் செய்யவேண்டும் என்றது. மின்விளக்கு, மின்விசிறி, உருகி (ஃபியூஸ்), சுவிட்சு ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஒழுங்குமுறைகளிலும் இவ்விலக்கு தொடர்கிறது. ஒப்பந்தக்காரர் உரிமத்தைச் சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. உதவியாளர் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

நடைமுறையில்

திருச்சுழி வட்டத்துப் பரளச்சி போன்ற சிற்றூர்களில் மின்விசிறி மாட்டுபவரே பம்புசெட்டுக்கும் கம்பி இழுப்பது இயல்பு. பழுதான சுவிட்சை மாற்றும்வரை அவருக்கு உரிமம் தேவையில்லை. மோட்டாருக்கெனப் புதிய இணைப்பு இழுத்தால் அது விதிக்குள் வந்துவிடுகிறது.

விலக்கு உள்ளதால் ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது. சுவிட்சை ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் இணைத்துவிட்டாலும் விளக்கு வழக்கம்போல் எரியும், அணையும். ஆனால் அணைந்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். பல்பு மாற்றுபவர் மின்தாக்குதலுக்கு உள்ளாக இதுவே போதும்.