நீர்க்கடுப்பும் மீதி மாத்திரையும்



வழக்கமாக ஆரஞ்சு, காப்பி, மிளகு, மலைவாழை என்று ஏதாவது ஒரு பயிரைப் பற்றித்தான் உங்களோடு பேசுவேன். இன்றைக்கு ஒரு மாறுதல். பயிருக்கு வரும் நோயை விட்டுவிட்டு, பயிரைப் பார்க்கிற நமக்கு வரும் ஒரு நோயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள். நீர்க்கடுப்புதான் அது.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுகிற பாதையில் அடுக்கம் இருக்கிறது. என் அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். காப்பிப் பழம் பறிக்கிற சமயம். காலையில் தோட்டத்தில் இறங்கினால் சாயங்காலம்தான் வீடு. ஒதுங்க இடம் இல்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரியாததல்ல. அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து, நாலு நாள் பொறுத்துப் பார்த்து, அப்புறம்தான் என் மனைவியிடம் மெல்லச் சொல்லியிருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு முன்பு ஒரு காய்ச்சலுக்குக் கொடுத்ததில் நாலு மாத்திரை மீதி இருந்தது. "இதைப் போடச் சொல்லு, கேட்கும்" என்று கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்தது. மாத்திரையும் தீர்ந்தது. அடுத்த வாரமே குளிர் ஜுரம், விலாவில் வலி, வாந்தி. பெரியகுளத்துக்கு இறக்கிக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மருந்து கேட்கும் என்றால் 'எஸ்', கேட்காது என்றால் 'ஆர்'. பாதிக்கு மேல் 'ஆர்'தான். நான் கொடுத்தனுப்பிய மாத்திரைக்கு நேராகவும் 'ஆர்'.

"யாரும்மா அந்த மாத்திரையைக் கொடுத்தது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். "வீட்ல கெடந்துச்சுங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அளவு குறைத்து மருந்தடிக்காதீர்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்" என்று கூட்டம் கூட்டமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். கொடைக்கானல் மேட்டில் முட்டைக்கோசு போடுகிறவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தெரியும். டி.டி.டி.க்கு அது சாகவில்லை என்று ஜாவாத் தீவில் 1953-லேயே கண்டார்கள். அப்புறம் வந்த மருந்துகளையும் அது ஒவ்வொன்றாகத் தாங்கப் பழகிவிட்டது. பூச்சிக்கு உள்ள அதே கணக்குதான் கிருமிக்கும். கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்தைத் தாங்குகிற நாலைந்து முன்பே இருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று அந்த நாலைந்துக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. அவை பெருகினால், அந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம்.

நீர்க்கடுப்பில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-ல் இதை விவரித்தார். நம் குடலில் சாதுவாக இருக்கும். சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்துவிட்டால்தான் வினை. பெண்களுக்கு அந்தப் பாதை குட்டை. அதனால் அவர்களுக்கே அதிகம் வருகிறது.

1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சணத்திலிருந்து பெனிசிலினைக் கண்டார். அது மருந்துக்கடைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே, 1940-ல், ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாம், செயின் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பெனிசிலினைச் சிதைக்கிற ஒரு நொதி கிருமியிடம் இருக்கிறது! எந்தக் கிருமியிடம்? இதே கோலைக் கிருமியிடம்தான். மண்ணுக்குள்ளே பூஞ்சணமும் கிருமியும் யுக யுகமாகச் சண்டை போட்டு வந்திருக்கின்றன. ஆயுதம் எவ்வளவு பழசோ, கேடயமும் அவ்வளவு பழசு.

1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஃபிளெமிங் தமது உரையிலேயே எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிட்ட ஒரு கணவனைக் கற்பனையாகச் சொன்னார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. அது மனைவிக்கு ஒட்டியது. அவளுக்கு மருந்து கேட்கவில்லை, இறந்துபோனாள். குற்றவாளி யார் என்று கேட்டார். இதைப் படித்தபோது எனக்கு அக்காவின் பார்வைதான் ஞாபகம் வந்தது.

அடுத்து வந்தவற்றில் நமக்குச் சொந்தம் கொண்டாடத்தக்க ஒரு மருந்து ஆரியோமைசின். பழைய சென்னை ராஜதானியின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சியை நடத்தினார். அவர் தலைமையில் பெஞ்சமின் டகர் என்பவர் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரில் இதைக் கண்டார். 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்த மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுக்குத் தீனியாகப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சு வேகமாக வளர்ந்தது! பிறகென்ன, நோய் இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்திலேயே மருந்து கலப்பது வழக்கமாயிற்று. இது வம்பு, மனிதனுக்குக் கொடுக்கிற மருந்தைத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று 1969-ல் பிரிட்டனில் ஸ்வான் குழு சொன்னது.

நடுவில் 1959-ல் ஜப்பானியர் இன்னொன்றைக் கண்டார்கள். ஈ.கோலைக் கிருமி தன் எதிர்ப்புக் குணத்தைச் சீதபேதிக் கிருமிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. வேலிக்கு மேலே அடுத்த தோட்டக்காரருக்கு ஒரு பிடி விதை கொடுக்கிறோமே, அந்த மாதிரி. ஒரே பொட்டலத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு விதையும் சேர்ந்தே போகும்.

நம் நாட்டில் 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஆம்பிசிலின், நாலிடிக்சிக் அமிலம், நார்ஃபிளாக்சசின் என்று நீர்க்கடுப்புக்கு வந்த மருந்துகள் ஒவ்வொன்றும் முதலில் சூரனாக நின்று, பிறகு தளர்ந்தன. 1999-ல் டெல்லி மருத்துவமனையில் எடுத்த கிருமிகளில், உயர்ந்த ரகச் செஃபலோஸ்போரின்களையும் சிதைக்கிற ஒரு புதிய நொதி அகப்பட்டது. இன்று அது உலகம் பூராவும் பரவியிருக்கிறது. கடைசி ஆயுதமாக வைத்திருந்தது கார்பபெனெம் ஊசி. அதையும் உடைக்கிற நொதி, டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் தெரிந்தது. எதில் தெரிந்தது? சிறுநீர்ச் சோதனையில்தான். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து, சென்னை, ஹரியானா, பிரிட்டன் எங்கும் அது இருப்பதைக் காட்டினார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கைப் பாருங்கள். அந்த ரக ஊசிகளில் ஒன்றான இமிபெனெம், 2017-ல் 100 ஈ.கோலையில் 81-க்குக் கேட்டது. 2023-ல் 63 அளவுக்கு இறங்கிவிட்டது. இது கடும் நோயாளிகள் வருகிற இடத்துக் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பாதை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிகிறதல்லவா?

கையைக் கட்டிக்கொண்டு யாரும் உட்கார்ந்துவிடவில்லை. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் சில உயர்ந்த மருந்துகளை விற்றால், சீட்டு எழுதிய டாக்டர் பெயரோடு கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2019-ல் கோலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு தடை போட்டது. பயிருக்கு அடிக்கிற ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையையும் நிறுத்த 2021 டிசம்பரில் வரைவு ஆணை வந்தது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 1953-ல் வந்த நைட்ரோஃபுரான்டாயின் என்ற பழைய மாத்திரை, சிறுநீர்ப்பையோடு நிற்கிற சாதாரண நீர்க்கடுப்புக்கு இன்னும் பெரும்பாலும் கேட்கிறது. அது கிருமியை ஒரே இடத்தில் அடிக்காமல் பல இடத்தில் அடிப்பதால், தப்பிக்க வழி சுலபமாக அகப்படுவதில்லை. ஆனால் அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், அடக்கி வைக்காதீர்கள். தோட்டக்காரர்களே, ஒதுங்க ஒரு மறைவிடம் கட்டிக் கொடுங்கள். ஒரு முறை மருந்தடிக்கிற கூலிகூட ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குரிய பலன் உண்டு. எரிச்சலோடு ஜுரமும் விலா வலியும் சேர்ந்தாலோ, கர்ப்பிணிக்கு எரிச்சல் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. அட்டையின் பின்னே சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மாட்டுக்கு ஊசி போட்டால், கால்நடை மருத்துவர் சொல்கிற நாள் வரை பாலை ஊற்றாதீர்கள். மலைவாழையில் வரும் முடிக்கொத்து நோய் வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்துகளைக் கரைத்து ஊற்றுவது வீண் காசு. நம் சளி, ஜலதோஷமும் பெரும்பாலும் அப்படித்தான்.

அக்கா ஏழு நாள் ஊசி போட்டுக்கொண்டு தேறினாள். பறிப்புக் கூலி போயிற்று, போகட்டும். போன மாதம் அடுக்கம் போயிருந்தபோது தகர டப்பாவிலிருந்த மீதி மாத்திரைகளை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதெல்லாம் என்ன செய்யணும்னு நீயே சொல்லு தம்பி, நீதானே ஆபீசரு" என்றாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள்.