நாய் உணவு ரின்னுக்குள் என்ன இருக்கிறது? லேபலை வாசிக்கும் முறை

கடந்த ஆண்டு எங்கள் வீட்டு ஜிம்மிக்குப் பற்கள் சிலவற்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பத்து வயதைத் தாண்டிய ஊர் நாய். உலர் உணவைக் கடிக்க முடியாமல் போனதால் ரின்னில் அடைத்த உணவை வாங்கத் தொடங்கினேன். “சோறும் மீனும் திண்டு வளந்த நாய்க்கு ரின் சாப்பாடே?” என்று அம்மா கேட்டார். கடையில் இருந்தவற்றில் ஆகச் சிறந்ததாகத் தெரிந்ததையே எடுத்தேன். திறந்தால் நார்நாராகக் கோழி இறைச்சி. பொருட்பட்டியலில் கோழி, கோழி அவித்த நீர், அரிசி ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. இதைவிடத் தரமான உணவு வேறென்ன என்று நினைத்தேன்.

இரண்டு மாதங்களில் ஜிம்மியின் விலா எலும்புகள் வெளியே தெரியத் தொடங்கின. மிருக வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்தார். நோய் எதுவும் இல்லை. வெற்று ரின் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பின்புறத்தில் சிறிய எழுத்திலிருந்த ஒரு சொல்லைக் காட்டினார்: ‘கொம்ப்ளிமென்டரி’. வேறு உணவுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டிய துணை உணவு என்பது அதன் பொருள். நான் அதை மட்டுமே கொடுத்துவந்தேன். லேபலை முறையாக வாசிக்கக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான்.

முதலில் தேட வேண்டிய சொல்

நாளாந்தம் இதை மட்டுமே கொடுக்கலாம் என்றால் லேபலில் ‘கொம்ப்ளீட்’ என்றிருக்கும். ‘கொம்ப்ளிமென்டரி’ அல்லது ‘சப்ளிமென்டல்’ என்றிருந்தால் அது முழு உணவல்ல. நல்ல இறைச்சியே ஆனாலும் அதில் கல்சியம் மிகக் குறைவு. எலும்பு, கனியுப்பு, விற்றமின் எதுவும் சேராத வெறும் இறைச்சியில் ஒரு நாய் நீண்டகாலம் நலமாக வாழ முடியாது. எந்த வயதுக்கானது என்பதையும் பாருங்கள். குட்டிகளின் தேவை வளர்ந்த நாயின் தேவையிலிருந்து வேறுபட்டது.

பெயருக்குள் இருக்கும் கணக்கு

அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ‘ஆஃப்கோ’ வகுத்த மாதிரி விதிகளின்படி, உணவின் பெயரே இறைச்சியின் அளவைச் சொல்லிவிடும். நாய்க்கான ‘சிக்கன்’ என்று மட்டும் பெயர் இருந்தால், சேர்த்த தண்ணீர் நீங்கலாக 95 வீதம் கோழி இருக்க வேண்டும். ‘சிக்கன் டின்னர்’ என்றால் 25 வீதம் போதும். தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 10 வீதம் வரை இறங்கலாம். ‘வித் சிக்கன்’ என்றால் வெறும் 3 வீதம். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் நாய்க்குச் சுவை தெரியுமளவு இருந்தாலே போதுமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘வித் சிக்கன்’ என எழுதக் குறைந்தது 4 வீதம் வேண்டும். மேலே உள்ள கோழிப் படம் எல்லாவற்றிலும் ஒரே அளவில்தான் இருக்கும்.

பொருட்பட்டியலை வாசித்தல்

பொருட்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. சமைப்பதற்கு முந்திய எடை அது. பச்சை இறைச்சியின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அது முதலிடத்துக்கு வருவது எளிது. அரிசி, அரிசி மா, அரிசித் தவிடு என ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். மூன்றையும் மனதில் கூட்டிப் பாருங்கள்.

‘கோழி’, ‘மாட்டு ஈரல்’ என்று விலங்கின் பெயரோடு இருப்பது நல்ல அடையாளம். ‘இறைச்சியும் விலங்குப் பெறுதிகளும்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்த விலங்கு என்பது தெரியாது. ஒவ்வாமை உள்ள நாய்க்கு அது சிக்கலாகலாம்.

அதற்காக ‘பை புரொடக்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் முகம் சுழிக்கத் தேவையில்லை. ஆஃப்கோ வரைவிலக்கணத்தின்படி ஈரல், சிறுநீரகம், நுரையீரல், இரத்தம், சுத்தமாக்கிய குடல் போன்றவை அதில் அடங்கும். மயிர், கொம்பு, பல், குளம்பு அடங்காது. குடல் கறியும் இரத்த வறையும் விரும்பிச் சாப்பிடும் நாம் அதைக் கழிவு என்பது நியாயமில்லை. பட்டியலின் கடைசியில் வரும் நீண்ட இரசாயனப் பெயர்களிலும் பல விற்றமின்களே. ரின்னைச் சூடாக்கிக் கிருமிநீக்கும்போது தயமின் எனும் விற்றமின் பி1 ஒரு பகுதி அழிவதால், அதை மீண்டும் சேர்க்கிறார்கள்.

தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்

ரின்னில் புரதம் 8 வீதம், உலர் உணவுப் பக்கற்றில் 24 வீதம் என்றிருந்தால் பக்கற்றே சிறந்தது எனத் தோன்றும். ஈரப்பதனைக் கழித்தால் நிலைமை மாறும். ரின்னில் ஈரப்பதன் 80 வீதமென்றால் மிச்சம் 20. அதில் 8 என்பது 40 வீதம். பக்கற்றில் ஈரப்பதன் 10 வீதமென்றால் மிச்சம் 90. அதில் 24 என்பது ஏறத்தாழ 27 வீதம். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சம், இப்படி ஈரம் நீக்கிய கணக்கில், 18 வீதம்.

விலைக்கும் இதே கணக்கு உதவும். 400 கிராம் ரின்னில் ஈரப்பதன் 80 வீதமென்றால் திண்ம உணவு 80 கிராம்தான். இது ஏமாற்றல்ல, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாய்க்கு நன்மையும்கூட. ஆனால் இரண்டு ரின்களின் விலையை ஒப்பிடும்போது அந்தத் திண்ம அளவையே ஒப்பிட வேண்டும்.

லேபல் சொல்லாதவை

லேபலில் உள்ள ‘குரூட் புரோட்டீன்’ என்பது நைதரசன் அளவிலிருந்து கணக்கிடப்படுவது. அந்தப் புரதம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு சமிக்கும் என்பதை அது காட்டாது. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைதரசன் அளவை உயர்த்திக் காட்டுவதற்காக மெலமைன் கலக்கப்பட்டிருந்தது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் மட்டும் 6 கோடி வரையான ரின்களையும் பைகளையும் மீளப் பெற்றது. அவற்றின் லேபல்களில் புரத அளவு சரியாகவே இருந்தது.

எனவே உற்பத்தியாளரின் பெயர், நாடு, தொகுதி இலக்கம் ஆகியவை தெளிவாக இல்லாத ரின்னை நான் எடுப்பதில்லை. இறக்குமதியாளர் ஒட்டும் ஸ்ரிக்கர் பொருட்பட்டியலை மறைத்திருந்தாலும் அப்படித்தான். ஊதியிருக்கும் ரின்னைத் திறக்கவே கூடாது. உள்ளே கிருமிகள் வாயுவை உண்டாக்கியிருக்கலாம். விளிம்பில் நெளிந்ததையும் தவிர்ப்பது நல்லது. திறந்தபின் மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக வைத்தியர் தனி உணவு எழுதித் தந்திருந்தால், மேலே சொன்ன புரத ஒப்பீடு அந்த நாய்க்குப் பொருந்தாது.

ஜிம்மிக்கு இப்போது ‘கொம்ப்ளீட்’ ரின். அதில் நார்நாராகக் கோழி தெரிவதில்லை. ஈரல் கலந்த மண்ணிறக் கூழ்தான். பார்வைக்கு முந்தியதைவிட மட்டம். மூன்று மாதங்களில் அதன் எடை பழைய நிலைக்கு வந்துவிட்டது. பழைய கோழி ரின்னையும் இடைக்கிடை வாங்குகிறேன். கூழின் மேல் ஒரு கரண்டி போட்டால் ஜிம்மி விரும்பித் தின்னும். துணை உணவு என்று அதில் எழுதியிருப்பது அதற்குத்தான்.