மறிச்சுக்கட்டியின் காற்றும் காலபோகமும்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தில், வில்பத்துக் காட்டை ஒட்டிய கரையோர ஊர் மறிச்சுக்கட்டி. இலங்கையின் மிக வறண்ட கரைகளுள் இதுவும் ஒன்று. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் பெய்துவிடும். அதனால் இங்கே நெல் என்றால் அந்த மழையில் விளையும் காலபோகம்தான். சிறுபோகம் குளத்தில் மிஞ்சிய நீரைப் பொறுத்தது.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும். அந்தத் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டுச் சரிவுகளில் கொட்டுகிறது. மன்னாரின் தட்டை நிலத்தில் அதை மேலெழுப்ப மலை இல்லை. மண்ணை உலர்த்திவிட்டுப் போகிறது. ஒக்டோபரில் இரு அரைக்கோளக் காற்றுகளும் கூடும் மழைவளையம் தெற்கே நகர்கிறது. பிற்பகல்களில் இடிமழை, பின்னர் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்கள், டிசம்பரில் வடகிழக்குக் காற்றான வாடை. விதைப்பும் குளங்கள் நிரம்புவதும் இந்த வரிசையில்தான்.

வாடை அடங்கிச் சோளகம் தொடங்குமுன் கடல் அமைதியாகும். அந்த இடைவெளியில்தான் முத்துக்குளிப்பு நடந்தது. 1905இல் மறிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு முகாம் அமைந்தது; அடுத்த ஆண்டு, பின்னாளில் எழுத்தாளரான லெனார்ட் வூல்ஃப் அரச அதிகாரியாக அங்கே பணியாற்றினார்.

காற்றின் வரைபடம் அந்த முகாமைவிடப் பழையது. பருவக்காற்றுகளை எட்மண்ட் ஹாலி 1686இலேயே வரைந்து வெளியிட்டார். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வோக்கர், பசிபிக், இந்து சமுத்திரங்களின் காற்றழுத்தம் தராசுத் தட்டுகள்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டு, 1924இல் அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயரிட்டார்.

ஆனால் வோக்கர் தேடியது இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையின் முன்னறிவிப்பை. அந்த அலைவோடு இணைந்த, பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ அந்த மழையைப் பெரும்பாலும் குறைக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒக்டோபர்–டிசம்பர் மழையைக் கூட்டவே செய்கிறது. 1999இல் விளக்கப்பட்ட இந்து சமுத்திர இருமுனையும், அதாவது அதன் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்ப வேறுபாடும், இவ்வாறே: நேர்நிலையில் இங்கே மழை மிகும், எதிர்நிலையில் குறையும். 2016இல் இருமுனையின் எதிர்நிலையும், எல் நினோவின் மறுபக்கமான லா நினாவும் சேர்ந்தன. மழை பொய்த்தது, 2016/17 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டுக் காலபோக விளைச்சலில் ஏறக்குறைய பாதியானது.

காற்று மட்டும் வயலைத் தரிசாக்கவில்லை. 1990 ஒக்டோபரில், விதைப்பு மாதத்தில், வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறிச்சுக்கட்டியாரும் அவர்களுள் அடக்கம். 2009க்குப் பின் திரும்பியவர்கள் காடேறிய நிலத்தை மீண்டும் வெட்டித் திருத்தவேண்டியிருந்தது.

எல் நினோ என்றதும் வறட்சி என்று எழுதும் செய்தி இந்த ஊருக்குப் பொருந்தாது. விதைப்பைத் தீர்மானிக்கும் காலபோகக் கூட்டத்துக்கு முன்பே, இந்தக் கரைக்குரிய பருவ முன்னறிவிப்பு தமிழில் விவசாயிகளின் கைக்கு வரவேண்டும்.