குருத்தணு மாற்றத்துக்குப் பின் கல்லீரல் தீநுண்மித் தொற்று

குருத்தணு மாற்றத்துக்குப் பின் கல்லீரல் தீநுண்மித் தொற்று என்பது, எலும்பு மச்சையிலிருந்தோ குருதியிலிருந்தோ பெறப்பட்ட குருத்தணுக்கள் செலுத்தப்பட்ட நோயாளிகளின் கல்லீரலைத் தீநுண்மிகள் (வைரசுகள்) தாக்குவதைக் குறிக்கும். இத்தொற்று புதிதாகவும் ஏற்படலாம். உடலில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த தீநுண்மி மீண்டும் பெருகுவதாலும் ஏற்படலாம். இந்நோயாளிகளின் கல்லீரல் பழுதடைய வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்கான சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால், காரணத்தைச் சரியாகக் கண்டறிதல் இன்றியமையாததாகும்.

பின்னணி

குருதிப் புற்றுநோய், தலசீமியா முதலிய நோய்களுக்குக் குருத்தணு மாற்றம் செய்யப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் டொனால் தாமசு, மனிதரிடம் மேற்கொண்ட முதல் முயற்சிகளை 1957 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1990 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாற்றத்துக்கு முன் வீரியமிக்க மருந்துகளாலும், சிலருக்குக் கதிர்வீச்சாலும் பழைய மச்சை அழிக்கப்படுகிறது. பிறரிடமிருந்து குருத்தணு பெற்றவர்களுக்குப் பின்னர் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் தரப்படுகின்றன. எனவே பல மாதங்கள் வரை தீநுண்மிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைவாகவே இருக்கும்.

ஹெப்படைட்டிஸ் பி

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022 ஆம் ஆண்டில் சுமார் 25.4 கோடிப் பேர் நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். முற்றிலும் குணமடைந்தவராகத் தோன்றுபவரின் கல்லீரல் உயிரணுக்களின் கருவிலும் இத்தீநுண்மியின் டி.என்.ஏ. வளைய வடிவில் தங்கியிருக்கும். நோயெதிர்ப்பு அடக்கப்படும்போது அது மீண்டும் பெருகத் தொடங்குகிறது.

கல்லீரல் பழுதடைவது பெரும்பாலும் தீநுண்மி பெருகும் காலத்தில் அன்று. நோயெதிர்ப்பு ஆற்றல் திரும்பும் காலத்திலேயே ஆகும். அப்போது டி உயிரணுக்கள் தொற்றுக்குள்ளான கல்லீரல் உயிரணுக்களைத் தாக்கி அழிக்கின்றன. இதனால் நோயாளி தேறிவரும் வேளையில் மஞ்சள் காமாலையும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பும் ஏற்படுகின்றன.

பிற தீநுண்மிகள்

* ஹெப்படைட்டிஸ் சி: 1989 ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. நாட்பட்ட தொற்று, ஆண்டுகள் கடந்து கல்லீரல் இழைநார் வளர்ச்சிக்கு இட்டுச் செல்லலாம்.
* ஹெப்படைட்டிஸ் ஈ: மற்றவர்களுக்குப் பொதுவாகத் தானே குணமாகும். ஐரோப்பாவில் சரியாக வேகாத பன்றியிறைச்சி வழியே பரவும் மூன்றாம் மரபுவகை, நோயெதிர்ப்பு குன்றியவரிடம் நாட்பட்ட நோயாக நிலைக்கலாம்.
* சின்னம்மைத் தீநுண்மி: தோலில் கொப்புளம் தோன்றுவதற்கு முன்பே கடும் வயிற்று வலியுடன் கல்லீரலைத் தாக்கலாம்.
* அடினோ தீநுண்மி: குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, உயிருக்கு ஆபத்தானது.

காரணத்தைக் கண்டறிதல்

கல்லீரலின் நுண்ணிய குருதிக் குழல்கள் அடைபடும் நோய் பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில் தோன்றும். உடல் எடை கூடுதல், வலியுடன் கல்லீரல் வீங்குதல், வயிற்றில் நீர் சேர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். கொடையாளியின் உயிரணுக்கள் நோயாளியின் உடலையே தாக்குவது 'ஒட்டு எதிர் ஓம்புநர் நோய்' எனப்படும். இதற்கு நோயெதிர்ப்பை மேலும் அடக்க வேண்டும். தீநுண்மித் தொற்றிலோ அவ்வாறு அடக்குவது தொற்றை வளர்க்கும். ஆகவே குருதியில் தீநுண்மியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்யப்படுகிறது. தேவைப்பட்டால் கல்லீரல் திசு எடுத்து ஆராயப்படும். குருதித் தட்டுக்கள் குறைந்திருப்பதால், குருதிக்கசிவைத் தவிர்க்கக் கழுத்துச் சிரை வழியாகவே திசு எடுப்பது வழக்கம்.

தடுப்பும் சிகிச்சையும்

மாற்றத்துக்கு முன்பே நோயாளி, கொடையாளி இருவருக்கும் ஹெப்படைட்டிஸ் சோதனைகள் செய்யப்படுகின்றன. ஹெப்படைட்டிஸ் பி-யின் மேற்பரப்புப் புரதம் இல்லாவிடினும், உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் இருப்பின் அது பழைய தொற்றைக் காட்டும். இத்தகையோருக்கு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் முன்கூட்டியே தொடங்கப்பட்டு, நோயெதிர்ப்படக்கி மருந்துகளை நிறுத்திய பின்னும் குறைந்தது ஓராண்டு தொடரப்படுகிறது. இடையில் நிறுத்தினால் தீநுண்மி மீண்டும் கிளர்ந்தெழலாம். கொடையாளி இத்தீநுண்மிக்கு எதிர்ப்பாற்றல் பெற்றவராயின், அவ்வாற்றல் குருத்தணுக்களுடன் நோயாளிக்கும் கிடைக்கக்கூடும்.

ஹெப்படைட்டிஸ் சி தொற்றை நேரடியாகச் செயற்படும் மருந்துகள் பெரும்பாலோரிடம் 8 முதல் 12 வாரங்களில் குணப்படுத்துகின்றன. சின்னம்மைத் தீநுண்மிக்கு அசைக்ளோவிரும், நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் ஈ தொற்றுக்கு ரிபாவிரினும் பயன்படுகின்றன. அடினோ தீநுண்மிக்குத் தரப்படும் சிடோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

இவற்றையும் பார்க்க

* கல்லீரல் அழற்சி
* எலும்பு மச்சை
* மஞ்சள் காமாலை